வெயிலுக்கு ஒளித்திருந்த காலம்

இவருடைய கண்ணிமைகளில் ஊதா நிறம் ஏறியிருந்ததை முதலில் நான் பெயின்ற் என்றுதான் நினைத்தேன்.

என் கணவர் இராணுவப் பட்டறை ஒன்றில் வாகனங்களுக்குப் பெயின்ற் அடிக்கிறவர். அங்கே அடிப்பதெல்லாம் பச்சை. பச்சை அடிக்கிற மனிதரின் இமையில் ஊதா எப்படி வந்தது என்று அந்தக் காலையில் எனக்குத் தோன்றவில்லை. கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த மாடிவீட்டின் பின்பகுதிக்கு வெளிச்சம் நேராக வராது. பக்கத்துக் களஞ்சியத்தின் தகரக் கூரையில் விழுந்து, தெறித்து, சமையலறை யன்னலால் உள்ளே வரும். அந்த வெளிச்சத்தில் பால்கூடக் கொஞ்சம் நீலமாகத்தான் தெரியும். சீலைத் தலைப்பை நனைத்து இமையைத் துடைத்துப் பார்த்தேன். போகவில்லை.

"பெயின்ற் கரைக்கிற தின்னர் போட்டுத் துடைக்கட்டோ?"

"கண்ணுக்குள்ளயா? உமக்கென்ன விசரா?" என்று சிரித்தார்.

அந்த 'உமக்கு' அவர் என்னிடமிருந்து பழகிய சொல். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். தமிழைப் போலவே சிங்களமும் வாயில் ஓடும். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் தங்கி, கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் தட்டச்சு வேலை பார்த்தவள். கலியாணமான புதிதில் என்னை 'நீ' என்பதா 'நீங்க' என்பதா என்று தடுமாறிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்து ஆண்கள் மனைவியை 'நீர்' என்பார்கள் என்று சொன்னதும் அதைப் பிடித்துக்கொண்டார். கொஞ்சம் பகிடியாகத்தான் தொடங்கினார். பிறகு அதுவே எங்கள் வீட்டுப் பேச்சாகிவிட்டது.

சண்டை தொடங்குவதற்குப் பல வருடங்கள் முன்பே அவர் பட்டறையில் சேர்ந்தவர். அப்போது அது கைத்தொழில் தெரிந்த ஒருவருக்குக் கிடைத்த அரசாங்க வேலை, அவ்வளவுதான். பிறகு சண்டை வந்தது. வேலை மாறவில்லை, அதைச் சுற்றியிருந்த எல்லாம் மாறிவிட்டன. பட்டறையில் இவர் தமிழன். எங்கள் ஆட்களுக்குள் இவர் ஆமிக்காரன். கலியாணத்துக்கு என் பக்கத்திலிருந்து அக்கா மட்டும் வந்தாள். அவளும் அத்தானுக்குத் தெரியாமல் வந்து, ஒரு மோதிரத்தை என் கைக்குள் வைத்துவிட்டு, சாப்பிடாமல் போனாள்.

இமைகளுக்குப் பிறகு கைகள். காலையில் சீப்பை எடுத்துத் தலைக்குக் கொண்டுபோவார். காதளவில் கை நின்றுவிடும். பிறகு தலையைச் சரித்துச் சீப்பிடம் கொண்டுவருவார். நான் பார்ப்பது தெரிந்தால், "நித்திரைக் கலக்கம்" என்பார். மாடிப்படியில் ஏறும்போது கைப்பிடியைப் பற்றி உடம்பை இழுத்து இழுத்து வருவது சமையலறைக்குக் கேட்கும். ஒருநாள் வேலைக்குப் போகும் வழியில் திரும்பிப் பார்த்தேன். இவர் பஸ் தரிப்பில் நின்றுகொண்டிருந்தார். ஒரு பஸ் வந்து நின்று போனது. இவர் ஏறவில்லை. பின்னேரம் கேட்டபோது, "சரியான கூட்டம்" என்றார். அந்த பஸ்ஸில் பாதி இருக்கைகள் வெறுமையாகக் கிடந்ததை நான் கண்டிருந்தேன்.

"நோகுதோ?"

"நோகேல்ல. அதுதான் புதினம். ஆரோ உள்ளுக்க இருந்து ஒவ்வொரு அறையா லைற்றை அணைச்சுக்கொண்டு போறமாதிரி இருக்கு."

சில மாதங்களுக்கு முன்னர்தான் அவர் வடக்கிலிருந்து திரும்பியிருந்தார். பழுதான வாகனங்களைத் திருத்திப் பெயின்ற் அடிக்க அங்கே ஒரு முகாமுக்கு அனுப்பியிருந்தார்கள். இன்னொரு தடவையும் அனுப்புவார்கள் என்று பேச்சு இருந்தது. அதனால், கையைத் தூக்க முடியவில்லை என்று அவர் சொன்னபோது இங்கே பட்டறை மருத்துவசாலையில் தைலமும் வலி மாத்திரையும் கொடுத்து ஒரு மாதிரியாகச் சிரித்தார்களாம். "வடக்கு எண்ட பேரைக் கேட்டோடன தமிழனுக்குக் கை விழுந்திட்டுதாம்," என்று என்னிடம் அதைச் சொல்லி அவரும் சிரித்தார்.

ஒருநாள் வேலை நேரத்தில் அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தவர் பட்டறையில் அவரோடு பெயின்ற் கலக்கும் சிங்களச் சிநேகிதர். என்னைத் தங்கை முறையில் நங்கி என்பார். நான் அண்ணன் முறையில் அய்யே என்பேன். அன்று மாடிப்படியில் இவரைக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் சிங்களத்தில் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"நங்கி, இது சோம்பல் இல்லை, பயமும் இல்லை. பெயின்ற் அடிக்கிற துப்பாக்கி கையிலிருந்து விழுந்தது. எடுக்கக் குனிந்தான். குனிந்தவனால் எழும்ப முடியவில்லை. தரையில் இருந்துகொண்டு என்னைப் பார்த்தான். பெரிய டொக்டர் யாரிடமாவது கொண்டு போங்கள்."

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தவர் ஒரு பெண் டொக்டர். நரைத்த தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தார். இவர் வாய் திறப்பதற்கு முன்பே கைகளை வாங்கி விரல் மூட்டுகளைப் பார்த்தார். அங்கே சிவந்து சொரசொரப்பாகச் சின்னச் சின்னத் தடிப்புகள் இருந்தன. தின்னர் பட்டு வந்தது என்று நாங்கள் நினைத்திருந்தோம். பிறகு இமைகளைப் பார்த்தார். கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு ஸ்டூலிலிருந்து எழும்பச் சொன்னார். இவர் முன்னால் சாய்ந்தார், மறுபடி சாய்ந்தார். கடலில் கட்டிய வள்ளம் ஆடுவதுபோல ஆடி அங்கேயே இருந்தார்.

இரத்தம் எடுத்தார்கள். ஊசி குத்தித் தசையின் மின்னோட்டம் பார்த்தார்கள். தொடையிலிருந்து ஒரு சின்னத் துண்டு தசையும் வெட்டி எடுத்தார்கள். முடிவுகள் வந்த நாளில் டொக்டர் அந்த நீளமான பெயரைச் சொன்னார்: டேர்மட்டோமயோசைட்டிஸ். தோலுக்கும் தசைக்கும் சேர்ந்து வருகிற வருத்தம். கிருமியை அடிக்க வேண்டிய உடம்பின் காவல், வழி தவறித் தன் தசையையே அடிக்கத் தொடங்குவது.

"அதுக்கு ஆர் பிழையாச் சொல்லிக் குடுத்தது?" இவர் சிங்களத்தில் கேட்டார்.

டொக்டர் சிரிக்கவில்லை. "அதுதான் எங்களுக்கும் சரியாகத் தெரியாது. உடம்புக்குள் பிறப்பிலிருந்தே ஏதோ ஒரு இளக்கம் இருக்கலாம். பிறகு வெளியிலிருந்து ஏதோ ஒன்று வந்து தட்டுகிறது. அது என்னவாக இருக்கலாம் என்றுதான் இப்போது கேட்கப் போகிறேன். நேரம் எடுக்கும். பரவாயில்லையா?"

அந்தப் பகல் எனக்கு ஒரு கனவுபோலத்தான் நினைவிருக்கிறது. தலைக்கு மேலே மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. டொக்டர் கேட்டார், இவர் சொன்னார். நான் கேட்டறியாத இவருடைய வாழ்க்கை முழுவதும் ஒவ்வொரு பதிலாக அந்த மேசையில் வந்து விழுந்தது.

எந்த மாதிரிப் பெயின்ற்? எதில் கரைப்பது? கொட்டகைக்குக் காற்று வருமா? பின்பக்கம் சுவர், முன்கதவைத் தூசிக்காகச் சாத்திவைப்போம். மூக்குக்கு என்ன கட்டுவது? கைக்குட்டை. பழைய பெயின்ற்றைச் சுரண்டுவது யார்? நானும் சிநேகிதரும், தூள் பனிமாதிரி நிற்கும், தலையில் படியும், சோற்றிலும் படியும். இரும்பைக் கழுவ என்ன பாவிப்பது? ஒரு தண்ணீர், பெயர் தெரியாது, மணத்தால் தலை சுற்றும். வடக்கே போகுமுன் ஊசி போட்டார்களா? போட்டார்கள். அங்கே காய்ச்சல் வந்ததா? வந்தது, உடம்பு முறிகிற காய்ச்சல். எத்தனை நாள் படுத்தீர்கள்? படுக்கவில்லை, வாகனங்கள் காத்துக்கொண்டிருந்தன. கனம் தூக்கினீர்களா? நித்திரை கொண்டீர்களா? வெயில்?

"அங்க கொட்டகை இல்லை டொக்டர். வெளியில நிண்டுதான் அடிக்கிறது. மரமெல்லாம் வெட்டியிருந்தது. விடிஞ்சா வெயில்தான்."

"புகை?"

"முகாமின்ட பின்பக்கம் நிலத்தில வெட்டின ஒரு கிடங்கு. எல்லாம் அதுக்குள்ள போட்டு எரிக்கிறது. ரயர், பிளாஸ்ரிக், பழைய எண்ணெய், பெயின்ற் ரின். பின்னேரத்தில அந்தப் புகைக்குள்ள இருந்துதான் தேத்தண்ணி குடிப்பம்."

"தூசி? மண் எப்படிப்பட்டது?"

"சிவப்பு," என்றார். கொஞ்சம் நிறுத்தி, "மனிசியின்ட ஊர் மண்."

டொக்டர் நிமிர்ந்தார். அறைக்குள் நான் இருப்பதை அப்போதுதான் கண்டதுபோலப் பார்த்தார். கலியாணம் முடித்த இத்தனை காலத்தில் இவர் என் ஊர்ப்பக்கம் போனது அந்த ஒருமுறைதான். அதுவும் சீருடையில், முட்கம்பிக்கு உட்பக்கமாக. திரும்பி வந்தபோது அவருடைய சப்பாத்துகளைக் கழுவியவள் நான். வாளித் தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழன்றது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

"இதில் எது டொக்டர்?" இவர் கேட்டார். "ஒண்டைச் சொல்லுங்க. எதில கோபப்படுறதெண்டு எனக்குத் தெரியவேணும்."

"சொல்ல முடிந்தால் சொல்லுவேன். ஆமியிலிருந்து இந்த வருத்தத்தோடு வருகிறவர்களை இடைக்கிடை பார்க்கிறேன். அதிகம் பேர் இல்லை. எல்லோரிடமும் இதே கேள்விகளைக் கேட்கிறேன். வெயில், புகை, தூசி, காய்ச்சல், களைப்பு. எல்லாம் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அதே புகையில் நின்ற மற்றவர்கள் நன்றாக இருக்கிறார்கள். சந்தேகப்பட எனக்குக் காரணம் இருக்கிறது. விரல் நீட்டிக் காட்டுவதற்கு இல்லை."

ஸ்டீரொயிட் மாத்திரைகள் தந்தார். பெயின்ற் பக்கம் போகவே கூடாது என்றார். கடைசியாகச் சொன்னதுதான் எங்கள் வாழ்க்கையைத் திருப்பியது. "வெயில் படக்கூடாது. யன்னலால் வருகிற வெயிலும்தான்."

கொட்டாஞ்சேனை வீட்டில் தகரக் கூரையின் வெளிச்சத்தை நிறுத்த முடியாது. மாடிப்படியும் இருந்தது. கொம்பனித் தொலைபேசியில் அக்காவுக்கு எடுத்து வருத்தத்தைச் சொன்னேன். மறுபக்கத்தில் வெள்ளவத்தைப் பெருவீதி வாகனங்களின் இரைச்சல் கேட்டது.

"பின்னறை சும்மாதானே கிடக்குது," என்றாள். "வெயிலே படாது. உடுப்புக்கூடக் காயாது."

"அத்தான்?"

"அவர் டுபாய்ல இருந்துகொண்டு என்ன செய்யப் போறார்? கூட்டிக்கொண்டு வா."

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்குகிற குறுகிய ஒழுங்கைகளில் ஒன்றில் அக்காவின் வீடு. இரண்டு பக்கமும் புது மாடிக் கட்டடங்கள் எழும்பி, நடுவில் அது ஒரு கிணற்றின் அடிபோலக் கிடந்தது. பின்னறை யன்னலுக்கு அக்கா தன் பழைய கடுநீலச் சீலை ஒன்றை மடித்துத் தொங்கவிட்டாள். பகலில் அறை முழுக்க நீலம். கட்டில், சுவர், இவருடைய கைகள், நான் கொண்டுபோகும் தேத்தண்ணி, எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல இருக்கும். கடற்கரை ஓரமாக ரயில் போகும்போது சுவர் மெல்ல அதிரும். பிறகு அலைச் சத்தம் திரும்ப வரும். அந்தக் காலத்தில் மின்சாரம் அடிக்கடி நிற்கும். இவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

மாத்திரைகள் வேலை செய்ய முன்னர் வேறு என்னென்னவோ செய்தன. முகம் உருண்டு பளபளத்தது. பசி அடங்காது. சோறு போட்டுக் கொடுத்தால், விழுங்குகிற தசையும் களைத்திருந்ததால், ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் வேண்டும். பகலில் கண்ணயர்ந்தால் கனவு வரும். ஒருமுறை விழித்து, "கடலுக்குப் பச்சை அடிக்கச் சொல்லிட்டாங்கள்," என்றார். "அடிக்க அடிக்க அலை வந்து கழுவுது. நானும் விடாமல் அடிக்கிறன்." சொல்லிவிட்டு அழுதார். அதுவும் மாத்திரையின் வேலைதான் என்று டொக்டர் முதலிலேயே எச்சரித்திருந்தார். ஆனாலும் நான் அவருடைய தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

சுவரில் விரல்களை நடக்கவிட்டுக் கையை மேலே ஏற்றுகிற பயிற்சி ஒன்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நீல வெளிச்சத்தில் அவருடைய விரல்கள் நண்டுபோல மெதுவாகச் சுவரில் ஏறும். தோளளவு போய் நிற்கும். இறங்கும். சூரியன் கடலுக்குள் போன பிறகு நாங்கள் வெளியே வருவோம். ரயில் பாதையைக் கடந்து கற்களில் போய் இருப்போம். நாளில் எங்களுக்கு இருந்த வெளி உலகம் அந்த மங்கல் நேரம் மட்டும்தான்.

அக்கா முன்னறைகளை வடக்கிலிருந்து வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். வெள்ளவத்தை முழுக்க அப்படி அறைகள் இருந்தன. வெளிநாடு போவதற்காகக் காத்திருக்கிறவர்கள், வெளியே தலைகாட்டாமல், ஏஜென்சிக்காரனின் அழைப்பை எதிர்பார்த்து மாதக்கணக்காக அறைக்குள் இருப்பார்கள். இவரும் அப்படி ஒருவர் என்றே எல்லோரும் நினைத்தார்கள். நாங்கள் அதை மறுக்கவும் இல்லை, ஆமோதிக்கவும் இல்லை. எங்களுக்கு அடுத்த அறையில் ஒரு அம்மா இருந்தா. கனடாவில் இருக்கும் மகனிடம் போவதற்குப் பேப்பர்கள் வருமென்று காத்திருந்தா. முருங்கையிலை வறை செய்தால் ஒரு கிண்ணத்தில் இவருக்கும் கொண்டு வருவா.

"தம்பிக்கு எந்த நாடு சரிவரும்போல இருக்கு?"

"ஒண்டும் முடிவில்ல அம்மா."

"காத்திருந்து முகம் நல்லா ஊதிப்போச்சு. வெளியில வந்து கொஞ்சம் நடவுங்கோ."

ஒரு விடியலில் ஆமிக்காரர்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். எல்லோரையும் அடையாள அட்டையோடு வீதிக்கு வரச் சொன்னார்கள். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. நான் இவருடைய தலைக்கு மேலே குடையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தேன். நின்றுகொண்டிருந்த ஆமிக்காரன் குடையைப் பார்த்துச் சத்தம் போட்டான். இவர் சட்டைப் பையிலிருந்து தன் ஆமி அட்டையை எடுத்து நீட்டினார். அவன் அதைப் பார்த்தான், இவரைப் பார்த்தான், மறுபடி அதைப் பார்த்தான். குரல் மாறியது.

"அய்யே, நீங்கள் உள்ளே போங்கள். இவர்கள் எல்லாம் உங்கள் வீட்டு ஆட்களா?"

"ஓம்," என்றார் இவர், சிங்களத்தில். "எல்லாரும்."

அன்று எங்கள் வீட்டிலிருந்து யாரையும் ஏற்றவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேரைக் கொண்டுபோனார்கள், பின்னேரம் விட்டுவிட்டார்கள். அந்த அம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் கண்டா. அட்டையைக் கண்டா. அவன் கதைத்த விதத்தைக் கண்டா. உள்ளே போய்க் கதவைச் சாத்தினா.

அதன் பிறகு கிண்ணம் வரவில்லை. குழாயடியில் என்னைக் கண்டால் வாளியை எடுத்துக்கொண்டு விலகிப் போய்விடுவா. அக்கா, "நான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல" என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். இவர் மட்டும், "அவ செய்யிறது சரிதானே" என்றார்.

சில நாட்கள் கழித்து, மங்கல் நேரத்தில் நாங்கள் கடற்கரைக்குப் புறப்படும்போது, அந்த அம்மா எங்கள் அறை வாசலில் வந்து நின்றா. உள்ளே வரவில்லை.

"நீர் அங்க வடக்கில இருந்தனீரோ?" தம்பி இல்லை, நீங்கள் இல்லை.

"ஓம் அம்மா."

"எந்த இடம்?"

இவர் சொன்னார். அந்த அம்மா கதவுநிலையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டா.

"எங்கட வீடு அதுக்குப் பின்னால. ஒழுங்கைக்குள்ள மூண்டாவது." பிறகு, எதையோ தூரத்தில் பார்ப்பதுபோலச் சொன்னா: "பின்னேரத்தில ஒரு புகை வரும். கட்டைக் கறுப்பு. ரப்பர் மணம். கொடியில போட்ட சீலையெல்லாம் மணக்கும். திரும்ப இறைச்சுத் தோய்க்கவேணும். என்ன கோதாரியை எரிக்கிறாங்கள் எண்டு ஒவ்வொரு நாளும் திட்டுவன்."

"அது எங்கட கிடங்கு அம்மா. நாங்களும் அந்தப் புகைக்குள்ளதான் நிண்டனாங்கள்."

"அதாலயோ உமக்கு இப்பிடி வந்தது?"

"தெரியாதாம். இருக்கலாமாம்."

"எனக்கு ஒண்டும் வரேல்லையே. கொஞ்சக் காலம் இருமினன், அவ்வளவுதான்."

"அதுதான் டொக்டருக்கும் விளங்கேல்ல," என்றார் இவர்.

அந்த அம்மா கதவுநிலையிலிருந்து கையை எடுத்தா. பிறகு போய்விட்டா.

அடுத்த கிளினிக்கில் இவர் இதை டொக்டரிடம் சொன்னார். டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "அந்த அம்மாவை ஒருமுறை இங்கே கூட்டி வர முடியுமா? கட்டாயம் இல்லை. கதைக்க வேண்டும், அவ்வளவுதான்." வருவா என்று நான் நினைக்கவில்லை. கேட்டபோது, "எனக்கு என்ன வேலை இஞ்ச, சும்மாதானே இருக்கிறன்" என்று சீலையை மாற்றிக்கொண்டு வந்தா. முச்சக்கர வண்டியின் வெயில் படும் பக்கத்தில், சொல்லாமலே, தானே ஏறி இருந்தா.

டொக்டர் சிங்களத்தில் கேட்டார், அம்மா தமிழில் சொன்னா, நடுவில் நான். எந்தப் பக்கக் காற்றுக்குப் புகை வரும், கண் எரியுமா, குழந்தைகள் இருந்தார்களா, கிணறு மூடியிருந்ததா? டொக்டர் அம்மாவின் விரல் மூட்டுகளைத் தடவிப் பார்த்தார், கைகளைத் தூக்கச் சொன்னார். அம்மா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே லேசாகத் தூக்கினா. அதை இவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டொக்டரிட்டக் கேள் பிள்ளை," என்றா அம்மா என்னிடம். "அங்க என்ர தங்கச்சியின்ர பிள்ளையள் இன்னும் இருக்குதுகள். அதுகளுக்கு வருமோ?"

கேட்டேன். டொக்டர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "வராது என்று என்னால் சொல்ல முடியாது. வரும் என்று சொல்லவும் மாட்டேன். இது மிகச் சிலருக்குத்தான் வருகிற வருத்தம். புகை வரும்போது தள்ளி நிற்கச் சொல்லுங்கள். யன்னல்களைச் சாத்தி வைக்கச் சொல்லுங்கள்."

நான் தமிழில் சொன்னேன். அந்த அம்மா என்னைப் பார்த்து, "யன்னல் எங்க கிடக்கு அங்க?" என்றா.

அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிடவில்லை. ஆனால் குழாயடியில் எங்கள் வாளி நிரம்பியிருந்தால் அந்த அம்மா அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைப்பா. மழைக்காலம் தொடங்கி, வானம் நாள்முழுக்க மூடியிருந்த நாட்களில், இவருடைய விரல்கள் சுவரில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போயின. ஒருநாள் நான் வேலையால் வந்தபோது, இவர் யன்னல் சீலையின் மேல் முடிச்சைத் தானே அவிழ்த்து, உதறி, மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று பார்த்தேன். அவர் திரும்பி, "என்ன?" என்றார். "ஒண்டுமில்லை" என்று சமையலறைக்குப் போய் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

பட்டறையிலிருந்து மருத்துவக் காரணத்தைச் சொல்லி இவரை விடுவித்தார்கள். சிங்களச் சிநேகிதர் ஒருமுறை பார்க்க வந்தார். கொட்டகையின் பின்சுவரில் பாதியை உடைத்துக் காற்றுக்கு விட்டிருப்பதாகவும், மூக்குக்கு முகமூடி கேட்டு வாங்கியிருப்பதாகவும் சொன்னார். அதற்காக அவரும் மற்றவர்களும் பலமுறை போய்ச் சண்டை பிடித்தார்களாம். "ஒரே ரின்னில் இரண்டு பேரும் கலந்தோம் நங்கி," என்று சொல்லிவிட்டுத் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார். அந்தக் கைகள் ஆரோக்கியமாக இருந்தது அவருக்கே சங்கடமாக இருந்தது. இவர் அவருக்குச் சோறு போடச் சொன்னார்.

அந்த அம்மாவின் பேப்பர்கள் வந்தன. விமான நிலையத்துக்கு வான் வந்து நின்றபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பெட்டி கனமாக இருந்தது. இவர் போய் அதன் ஒரு பிடியைப் பற்றினார். அம்மா வேண்டாம் என்று கையைக் காட்டினா. இவர் விடவில்லை. கடைசியில் ஒரு பிடியை இவரும் மற்றப் பிடியை அம்மாவுமாக, நடையிலிருந்து வான்வரை, இரண்டு தரம் கீழே வைத்து வைத்துக் கொண்டுபோனார்கள். நான் உதவிக்குப் போகவில்லை. ஏறும்போது அம்மா, "வெயிலுக்க நிக்காதேயும்," என்றா.

இவருடைய பலம் முழுவதும் திரும்பவில்லை. மருதானையில் ஒரு உதிரிப்பாகக் கடையின் உள்ளே, வெயில் வராத மேசையில், பல வருடங்கள் வேலை பார்த்தார். இரண்டு முறை வருத்தம் திரும்பி வந்தது. இரண்டு முறையும் மாத்திரையைக் கூட்டிக் குறைத்து மீண்டார். எங்களைப் பார்த்த டொக்டர் ஓய்வு பெற்றுப் போனார். பிறகு வந்த டொக்டர்மாரும் அதே கேள்விகளைத்தான் கேட்டார்கள். எது என்று அறிய வேண்டும் என்ற அவசரம் இவருக்கு எப்போது போனதோ தெரியாது. எனக்கு இன்னும் போகவில்லை. சிலவேளை மத்தியானத்தில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பேன். அந்தக் காய்ச்சலா, அந்தத் தூளா, அந்தக் கிடங்கா, வெட்டிப்போட்ட மரங்களுக்குக் கீழே இருந்திருக்க வேண்டிய நிழலா?

அண்மையில் ஒரு புதிய டொக்டர், இளம் பெண், அக்கறையோடு எல்லாவற்றையும் முதலிலிருந்து விசாரித்தாள். இவர் பொறுமையாகச் சொன்னார்: பெயின்ற், தின்னர், வெயில், புகை, சிவப்புத் தூசி. தண்ணீர் எங்கே குடித்தீர்கள் என்று கேட்டாள்.

"முகாமுக்குள்ள ஒரு பழைய வீட்டுக் கிணறு," என்றார். "அந்த வீட்டுக்காரர் ஆரெண்டு தெரியாது. ஆனா நல்ல தண்ணி. அப்பிடி ஒரு இனிப்பான தண்ணி நான் பிறகு குடிக்கவே இல்ல."

அவள் கிணறு என்று மட்டும் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனாள். இத்தனை வருடங்களில் என் ஊர்ப்பக்கத்துத் தண்ணீரைப் பற்றி இவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை.